தைப்பிங் மழையில் நின்ற கார்

காரின் முன்சக்கரம் ஒன்று கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. எஞ்சினின் பக்கவாட்டு மூடியும் மேல்மூடியும் தரையில் விரித்த செய்தித்தாளில் கிடந்தன. அஸ்வான் கையைத் துடைத்துக்கொண்டு கலாதேவியைக் கூப்பிட்டான்.

“வாங்கக்கா, வந்து பார்த்துடுங்க. மாத்தாமலே மாத்துனேன்னு சொன்னான்னு நாளைக்குப் பேர் வரக்கூடாது.”

ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புவில் அவனுடைய பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இது பழக்கம். பழைய சாமானைக் கண்ணில் காட்டாமல் புதியதைப் பூட்டமாட்டான். கலாதேவி குனிந்து பார்த்தாள். பற்கள் வைத்த கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று உள்ளே இருந்த சக்கரங்களைச் சுற்றி இறுகியிருந்தது. டைமிங் பெல்ட். அதன் முதுகில் முடியைப்போல மெல்லிய கீறல்கள்.

“கீறல் விட்டிருக்குத்தானே?” என்று கேட்டாள்.

“என்னை ஏன்க்கா கேட்கிறீங்க? உங்க கண்ணு முன்னாலதானே இருக்கு.”

அவன் சிரித்துவிட்டு மேலே காட்டினான். எண்ணெய் கசிகிறது என்று அவள் சொல்லியிருந்ததால் எஞ்சினின் மேல்மூடியையும் திறந்திருந்தான். உள்ளே தேன் நிறத்தில் எல்லாம் பளபளத்தது.

“உங்க அப்பா நல்லா வச்சிருந்திருக்காரு. நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு, இன்னும் யாரும் இந்த ஹெட்டை, வால்வு இருக்கிற மேல்பாகத்தை, கழட்டுனதில்ல. ஹெட்டைப் பூட்டுற இந்த போல்ட்டைப் பாருங்க. மேல மஞ்சளா ஒரு கோடு தெரியுதா? ஃபேக்டரியில போட்டது. ஸ்பானர் பட்டிருந்தா அன்னைக்கே போயிருக்கும்.”

“ஒரு தடவை கழட்டியிருப்பாங்க” என்றாள் கலாதேவி. “நான் பள்ளிக்கூடம் போற காலத்துல. ரோட்டுல போகும்போதே பெல்ட் அறுந்துபோச்சு.”

“இந்தக் கார்லயா?”

“இதுலதான்.”

“இருக்காதுக்கா. ஓடும்போது இது அறுந்தா பிஸ்டன் மேல வந்து வால்வை இடிக்கும். வால்வு வளைஞ்சிடும். ஹெட்டைக் கழட்டி வேலை செய்யாம இந்த எஞ்சின் மறுபடி உயிர் பிடிக்காது. பெல்ட்டை மட்டும் மாத்திட்டு ஓட்டிட்டுப் போக முடியாது.”

“அப்போ?”

“அப்போ அறுந்ததில்ல. யாரோ உங்களுக்குக் கதை விட்டிருக்காங்க லா.”

அவன் மறுபடி குனிந்து வேலையைத் தொடங்கினான். அவள் அங்கேயே நின்றாள். கழற்றிய பெல்ட்டை அவன் தூக்கிப்போட்டபோது அது அவள் காலருகே விழுந்தது. வாசலில் யாரோ மோட்டார்சைக்கிளை உறுமவிட்டுப் பார்த்தார்கள். போல்ட்டின் மேலிருந்த மஞ்சள் கோட்டை அவள் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவனைக் கேட்டாள்.

“அது மஞ்சள்தானே?”

“என்னக்கா நீங்க” என்றான் அஸ்வான், தலையைத் தூக்காமல்.

*

அவளுடைய அம்மா சாரதாதேவி தைப்பிங் ஆஸ்பத்திரியில் இறந்தபோது கலாதேவிக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்து வழி வந்த அப்பா இராஜசிங்கம் சுங்கை சிப்புட் பக்கம் ஆலமரத் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்தார். தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில் இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். ஆட்கள் லய வீடுகளைக் காலிசெய்துகொண்டு போனார்கள். கட்டில்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. அதற்கு முந்திய வருடங்களில் அந்தக் கட்டில்களில் பலர் இறந்திருக்கிறார்கள். கண்களை மூடிவிடுவது அப்பாவின் வேலை.

கடைசி நாட்களில் அம்மாவோடு தைப்பிங்கில் இருந்தவர்கள் கலாதேவியும் அப்பாவின் தங்கை விமலா மாமியும்தான். அம்மா இறந்த அன்று காலை டாக்டர் மாமியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மாமி தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்தாள். உடனே புறப்படுவதாக அப்பா சொன்னார்.

அம்மாவின் பார்வை கதவிலேயே இருந்தது. பேச்சு நின்றிருந்தது. யாராவது உள்ளே வந்தால் விரல்கள் போர்வையின் மேல் அசையும், வந்தவர் யாரென்று தெரிந்ததும் ஓய்ந்துவிடும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங் மழை. மத்தியானத்திலேயே வார்டில் விளக்குப் போட்டார்கள்.

அப்பாவை இன்னும் காணோம் என்று மாமி மறுபடி போன் செய்யப் போனாள். கலாதேவி வராந்தாவுக்கு வந்து நின்றாள். கார்கள் நிறுத்தும் இடத்தின் கடைசியில், மழைமரங்களுக்குக் கீழே, அப்பாவின் சாம்பல் நிறக் கார் நின்றது. எண் தகட்டைப் படித்தாள். பின்கதவில் ஆடு முட்டிய பள்ளம் இருந்தது. அப்பா வந்துவிட்டார் என்று வாசலைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை.

ஓடினாள். மழையில் காரைச் சுற்றி வந்தாள். கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக வேர்த்து வெள்ளையாக இருந்தன. உள்ளே எதுவும் தெரியவில்லை. “அப்பா” என்று கூப்பிட்டாள். கண்ணாடியைத் தட்டினாள். கை வலிக்கும்வரை தட்டினாள்.

திரும்பி வந்தபோது நர்ஸ் அம்மாவின் முகத்தின் மேல் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸில் வந்தார். நனைந்திருந்தார். கார் கோலகங்சார் தாண்டி நின்றுவிட்டது, டைமிங் பெல்ட் அறுந்துபோனது, மழையில் ஒரு வாகனமும் நிற்கவில்லை என்றார். மாமி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கார் ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தது. பட்டறையில் சரிபண்ணியாயிற்று என்றார்.

“காரை நான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன்” என்று கலாதேவி செத்த வீட்டில் சொன்னாள். மறுபடி சொன்னாள். மாமி அவளை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“இல்லாத காரைப் பார்க்க ஓடி, தாயைத் தனியா சாக விட்டாயே பிள்ளை. அதை ஊருக்கு வேற சொல்றியா?”

அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தா, மழைநேரம், சாவு. கம்பாரில் ஒருவரிடம் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் வெட்டிக் கையில் நூல் கட்டினார்கள். அந்தக் காரில்தான் போனார்கள். அப்பாதான் ஓட்டினார்.

நூல் பழசாகி அறுந்தது. புதிது கட்டினார்கள். கார் பற்றி அவள் பேசுவதை நிறுத்திய பிறகும் மாமி நம்பவில்லை. ‘அவளுக்குக் கொஞ்சம் பார்வை அப்படி’ என்று உறவினர்களிடம் சொல்லிவைத்திருந்தாள். நாளடைவில் கலாதேவியும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

ஈப்போவில் நில அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எல்லைக் கல் எண்ணைப் படித்தால் பக்கத்து மேசை மாதுமையையும் ஒருமுறை படிக்கச் சொல்வாள். சாலையைக் கடக்கும்போது வேறு யாராவது கால் வைக்கட்டும் என்று காத்திருப்பாள். ஒருநாள் கோப்புகள் இருந்த அறைக் கதவின் அடியிலிருந்து புகை வந்தது. அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி வந்து கத்திய பிறகுதான் எழுந்தாள்.

ஷான் என்பவனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு சனிக்கிழமை ஈப்போவின் பழைய டவுன் பக்கம் ஒரு காப்பிக்கடையில் அவனையும் ஒரு பெண்ணையும் பார்த்தாள். அவன் அந்தப் பெண்ணின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் போனில் கேட்டாள்.

“நானா? நான் காலையிலேருந்து பீடோர்ல இருக்கேன்” என்றான். பிறகு சிரித்தான். “உங்க மாமி முன்னமே சொன்னாங்க லா, நீ இல்லாததையெல்லாம் பார்ப்பேன்னு.”

அவளும் சிரித்தாள். மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வருடம் அவன் நிச்சயத்தை முறித்துக்கொண்டு அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் போன மாமி பெண்ணின் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கலாதேவி அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அதே முகமா என்று கேட்க அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

மழை பெய்யும்போது அந்தக் கார் வரும். தைப்பிங் போகவேண்டியதில்லை. ஈப்போவில் பேரங்காடிக்கு வெளியே, பஸ் நிலையத்தில், சாம்பல் நிறத்தில், கண்ணாடிகள் வெளுத்து நிற்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் உண்மையான கார் முன்கொட்டகையில் காய்ந்து நிற்கும். அப்பாவின் முழங்கால் விட்டுப்போனதும் அது அவள் கைக்கு வந்தது. அதில்தான் வேலைக்குப் போய் வந்தாள். அதன் பின்சீட்டில் மட்டும் அன்றைக்குப் பிறகு உட்கார்ந்ததில்லை.

*

பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது தூறல் விழத் தொடங்கியிருந்தது. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. அப்பா முன்கூடத்தில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். மறுநாள் அம்மாவின் திவசம். வாழை இலைக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார்.

“சொல்லியாச்சு.”

“கார் என்ன சொல்லுது?”

“நல்லாயிருக்கு. பெல்ட் மாத்தியாச்சு.” அவள் எதிரே உட்கார்ந்தாள். “அப்பா, அன்னைக்கு அறுந்த பெல்ட்டை எங்க மாத்தினீங்க?”

“கோலகங்சார்ல. ஒரு சீனன் கடை.”

“ஹெட்டைக் கழட்டினாங்களா?”

“இல்லை. பெல்ட் மட்டும்தான்.”

“பெல்ட்டை மட்டும் மாத்தினா அந்தக் கார் ஓடாதாம். ஹெட்டை யாரும் கழட்டவே இல்லையாம்.”

அப்பா தன் கைகளைப் பார்த்தார். எண்பத்து மூன்று வயது. விரல் நகங்களை இன்றும் டிரஸ்ஸரைப் போல ஒட்ட வெட்டிக்கொள்வார். வெளியே தூறல் வலுத்தது. தகரக் கொட்டகையில் அது விழும் சத்தம் பேச்சை மூடுகிற அளவுக்கு வந்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் எழவில்லை.

“சப்பாத்து இல்லாம வந்தாய்” என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“பள்ளிக்கூட உடுப்பு போட்டிருந்தாய். நீலம். காலில ஒண்டும் இல்லை. கல்லு குத்துமே எண்டு நினைச்சன்.”

சப்பாத்தை அன்று வார்டில், கட்டிலுக்கு அடியில் கழற்றி வைத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

“எங்க இருந்தீங்க?”

“பின்சீட்டில. படுத்திருந்தன்.”

“நான் தட்டினேன்.”

“ஓம்.”

“கூப்பிட்டேன்.”

“கேட்டது, பிள்ளை.” அவர் குரல் மாறவில்லை. நோயாளிகளின் வீட்டாரிடம் பேசும் குரல் அது. “படிவரைக்கும் போனன். மேல ஏறேலாமப் போச்சு. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறன். அந்த நேரத்தில கண் எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். சாரதாவை அப்படிப் பார்க்கேலாது எண்டு திரும்பி வந்திட்டன். கொஞ்சம் நிண்டு போவம் எண்டுதான் காருக்குள்ள இருந்தன். நீ வந்திட்டாய்.”

“கதவைத் திறந்திருக்கலாம்.”

“திறந்தா உன்னோட மேல வரவேணும்.”

மழை கொஞ்சம் விட்டது. பக்கத்து வீட்டில் யாரோ துணிகளை உள்ளே எடுத்துப்போட்டார்கள்.

“காரை ஆலமரத் தோட்டத்தில, லயத்துக்குப் பின்னால விட்டன். ஆள் இல்லாத லயம். பிறகு பஸ் பிடிச்சு வந்தன்.”

“எனக்கு நூல் கட்டினாங்களே அப்பா.”

அவர் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். இரவு அவர் வழக்கம்போல் செய்தி பார்த்தார். அவள் காய்கறி நறுக்கினாள்.

*

மறுநாள் தைப்பிங்கிலிருந்து விமலா மாமி வந்தாள். மகன் முகுந்தன் கூட்டிவந்தான். ஐயர் வந்து போனபின் இலைபோட்டார்கள். அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்ததை எடுத்துப் பரிமாறினாள் கலாதேவி. மாமி ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் ஆரம்பிப்பாள். ஆரம்பித்தாள்.

“என்ர அண்ணியின்ர கண் அந்தக் கதவை விட்டு எடுபடவே இல்லை. அண்ணன் வருவார், வருவார் எண்டு. அந்தப் பாழாய்ப்போன பெல்ட் அண்டைக்குத்தான் அறுகவேணுமா? அண்ணன் நடுரோட்டில மழையில நிண்டு கையைக் காட்ட ஒருத்தன் நிப்பாட்டேல்லை.”

“அம்மா, முதல்ல சாப்பிடுங்க. வருஷா வருஷம் அந்தக் காரை நீங்கதான் நடுரோட்டுல நிப்பாட்டுறீங்க” என்றான் முகுந்தன்.

“நீ சும்மா இரு. அப்ப நீ கைக்குழந்தை.”

கலாதேவி பருப்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

“பெல்ட் அறுகல மாமி. கார் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. நான் பார்த்தேன். அப்பா உள்ளதான் இருந்தார்.”

மாமி முகுந்தனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கலாதேவிக்குத் தெரியும். செத்த வீட்டில் அறைக்குள் இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் இருந்த அதே பார்வை.

“திரும்பவும் தொடங்கிட்டுதா?” என்றாள் மாமி மெதுவாக. “திவசம் வந்தாத்தான் வரும். நான் இவனுக்குச் சொல்லிக்கொண்டுதான் வந்தன்.”

“அக்கா, காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. களைப்பா இருக்கும். வந்து உட்காருங்க” என்றான் முகுந்தன். அன்பாகத்தான் சொன்னான்.

“அப்பாகிட்டக் கேளுங்க. நேத்து அவரே சொன்னார்.”

மூவரும் அவரைப் பார்த்தார்கள். இராஜசிங்கம் இலையின் ஓரத்தில் சோற்றை ஒதுக்கிக் குழி செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவர் கண்கள் மகளின் மேல் ஒரு கணம் தங்கின. அவற்றில் ஒன்றும் இல்லை.

“ரசம் இருக்கா பிள்ளை?” என்றார்.

அவள் அடுப்படிக்குப் போனாள். ரசப் பாத்திரம் கையில் சுட்டது. பின்னால் மாமி தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. கம்பார்க்காரரின் மகன் இப்போது நூல் கட்டுகிறாராம். கைராசிக்காரராம்.

பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். நேற்று அவர் சொன்னாரா? மழைச் சத்தம் இருந்தது. அவர் தண்ணீர் கேட்டது நிச்சயம், கோப்பை தொட்டியில் கிடக்கிறது. மற்றது? சப்பாத்து என்றாரே. அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததையே கேட்டிருக்கலாம். செய்தி பார்க்கும்போது அவர் ஏன் அவ்வளவு சாதாரணமாக இருந்தார்? பிரம்பு நாற்காலியில் அவர் வாய் அசைந்ததா என்று யோசித்தாள். நகங்கள் மட்டும் நினைவுக்கு வந்தன.

ரசத்தை முகுந்தனிடம் கொடுத்துவிட்டுப் பின்வாசலில் வந்து நின்று அஸ்வானுக்குப் போன் செய்தாள்.

“என்னக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?” பின்னால் தட்டுகளின் சத்தம். அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இல்ல தம்பி. நல்லா ஓடுது. நேத்து ஹெட் பத்திச் சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஹெட்டா? ஹெட்டுக்கு ஒண்ணும் இல்லக்கா. யாரும் கழட்டல. மஞ்சள் கோடு இருந்துச்சே, காட்டுனேன்ல?”

“காட்டினீங்களா?”

“காட்டுனேன். நீங்க மஞ்சள்தானேன்னு வேற கேட்டீங்க. நான்கூட வீட்டுல சொல்லிச் சிரிச்சேன்.”

“பெல்ட் ஓடும்போது அறுந்திருந்தா?”

“அறுந்ததே இல்லக்கா. எத்தனை தடவை கேட்டாலும் அதான்.” அவன் எதையோ விழுங்கினான். “யாருதான் உங்களுக்கு அப்படிச் சொன்னது? பட்டறைக்காரனா?”

உள்ளே அப்பா கை கழுவ எழுந்திருந்தார். கூடத்து ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. மாமி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தாள்.

“அப்பாதான்” என்றாள் கலாதேவி.

போனில் அவன் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ அன்னைக்கு வண்டி நல்லாத்தான் ஓடியிருக்கு” என்றான் அஸ்வான்.

“ஆமா” என்றாள். “நல்லாத்தான் ஓடி வந்துச்சு.”